இலவசம் என்று சொல்லி விற்காதீர்கள்: ஓப்பன் சோர்ஸ் அப்ளிகேஷன் சர்வரை எப்படி முன்வைப்பது?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம் இது. அவருடைய குழு ஜாவா அப்ளிகேஷன்கள் எழுதிக் கொடுக்கிறது. அவற்றை ஏற்றி ஓட்டும் மென்பொருள்தான் அப்ளிகேஷன் சர்வர். வாடிக்கையாளர்கள் பலர் ஆரக்கிளின் வெப்லாஜிக்கும் ஐபிஎம்மின் வெப்ஸ்பியரும் காசு கொடுத்து வாங்கி வைத்து ஓட்டுகிறார்கள். அதற்குப் பதிலாக வைல்ட்ஃபிளை, பயாரா, கிளாஸ்ஃபிஷ் போன்ற ஓப்பன் சோர்ஸ் (சோர்ஸ் கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும்) சர்வர்களை இவர்கள் பரிந்துரைக்கிறார்கள். "லைசென்ஸ் செலவே கிடையாது என்கிறோம். தலையாட்டுகிறார்கள். கடைசியில் பழைய கான்ட்ராக்டையே புதுப்பித்துவிடுகிறார்கள். எங்கே கோட்டை விடுகிறோம்?"

தொடங்கும் இடத்திலேயே கோட்டை விடுகிறீர்கள். லைசென்ஸ் செலவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதை முதல் வாதமாக வைத்தால், எதிர்த்தரப்பு விற்பனையாளர் ஒரு பெரிய தள்ளுபடியோடு வந்து உட்கார்ந்த நிமிடமே உங்கள் பேச்சு முடிந்துவிடும். விலையைப் பற்றிய விவாதத்தை விலையைக் குறைத்தே முடித்துவிடலாம், அது அவர்களுக்குக் கைவந்த கலை. பல நிறுவனங்கள் ஓப்பன் சோர்ஸ் ஆளைக் கூப்பிட்டுப் பேசுவதே பழைய கடையில் பேரம் பேச ஒரு பிடி வேண்டும் என்பதற்காகத்தான். நீங்கள் தெரியாமலே அந்தப் பிடியாகிவிடுகிறீர்கள்.

நீங்கள் முன்வைக்க வேண்டியது வேறொரு கேள்வி: இந்த சர்வரைத் தயாரிக்கும் நிறுவனம் நாளைக்கு இதைக் கைவிட்டால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்? இது கற்பனைப் பயம் இல்லை. அப்ளிகேஷன் சர்வர்களின் வரலாறே இப்படிக் கைவிடப்பட்டவற்றின் வரலாறுதான்.

ஹெச்பி 2001-ல் புளூஸ்டோன் நிறுவனத்தை வாங்கி, அதன் அப்ளிகேஷன் சர்வரைத் தன் பெயரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அந்தத் தொழிலிலிருந்து விலகிக்கொண்டது. ஆரக்கிளிடம் ஓசி4ஜே என்ற சொந்த சர்வர் இருந்தது. 2008-ல் பிஇஏ நிறுவனத்தை வாங்கியதோடு வெப்லாஜிக் அவர்கள் கைக்கு வந்தது. இனி எங்கள் பிரதான சர்வர் வெப்லாஜிக்தான் என்று அறிவித்துவிட்டார்கள். ஓசி4ஜே-க்கு முறையாகக் காசு கொடுத்து, முறையாக சப்போர்ட் வாங்கி வைத்திருந்தவர்கள் தங்கள் தவறு எதுவும் இல்லாமலே வேறு சர்வருக்கு மாறும் மைக்ரேஷன் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று. சோர்ஸ் கோடு கையில் இல்லாததால், வேறொருவர் அதை எடுத்து நடத்தவும் வழியில்லை.

இப்போது கிளாஸ்ஃபிஷ்ஷைப் பாருங்கள். சன் நிறுவனம் 2005-ல் அதன் கோடைத் திறந்தது. பெரிய ஜாவா அப்ளிகேஷன்களுக்கான பொதுத் தரநிலை ஜாவா ஈஈ. 2006-ல் அதன் 5-ஆம் பதிப்புக்கு கிளாஸ்ஃபிஷ்தான் மாதிரி வடிவம். 2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. 2013 நவம்பரில், கிளாஸ்ஃபிஷ்ஷுக்கு இனி வணிக சப்போர்ட் கொண்ட புதிய வெளியீடுகள் வராது என்று ஆரக்கிள் அறிவித்தது. இதுவரை கதை ஓசி4ஜே கதைதான். ஆனால் கோடு திறந்திருந்தது. 2014-லேயே அதே கோடிலிருந்து பயாரா கிளம்பி, சப்போர்ட்டும் விற்கத் தொடங்கியது. 2017-ல் ஜாவா ஈஈ மொத்தத்தையும் எக்ளிப்ஸ் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பிடம் ஒப்படைப்பதாக ஆரக்கிள் முடிவெடுத்தது. 2019 ஜனவரியில் எக்ளிப்ஸ் கிளாஸ்ஃபிஷ் 5.1 வந்தது. தயாரித்த நிறுவனம் விற்கப்பட்டு, வாங்கிய நிறுவனமும் கையை விரித்த பிறகும் அந்த சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் எழுதிய அப்ளிகேஷன்களும் ஓடுகின்றன.

உங்கள் கூட்டத்தில் இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். கிளாஸ்ஃபிஷ் கைவிடப்பட்டதை எதிர்த்தரப்பு நிச்சயம் எடுத்துப் பேசும். "பார்த்தீர்களா, ஓப்பன் சோர்ஸை நம்பியவர்கள் கதி" என்பார்கள். அவர்கள் சொல்லும் முன்பே முழுக் கதையாக நீங்கள் சொல்லிவிட்டால் அதுவே உங்கள் வலுவான வாதமாகிவிடும். ஒளிக்கவும் வேண்டாம். ஓப்பன் சோர்ஸிலும் எல்லாம் பிழைப்பதில்லை. ஐபிஎம் ஆதரவோடு வளர்ந்த அப்பாச்சி ஜெரோனிமோ சர்வர் படிப்படியாக ஓய்ந்துபோனது. கோடு திறந்திருந்தால் மட்டும் போதாது, அதை எடுத்து நடத்த ஆட்கள் இருக்க வேண்டும். எனவே ஒரு சர்வரைப் பரிந்துரைக்கும் முன் அதன் கடைசி ஓராண்டு வெளியீடுகளையும், கோடு சேர்ப்பவர்கள் ஒரே நிறுவனத்து ஊழியர்கள்தானா என்பதையும், காசுக்கு சப்போர்ட் தர எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் நீங்களே பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இரண்டாவது வாதம் தரநிலை. ஜகார்த்தா ஈஈ (ஜாவா ஈஈ-யின் இன்றைய பெயர்) என்ற பொதுத் தரநிலையைப் பின்பற்றும் சர்வர்கள் டிசிகே என்ற சோதனைத் தொகுப்பில் தேற வேண்டும். ஒரு காலத்தில் அந்தச் சோதனையை நடத்தும் உரிமமே சன் நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. 1999-ல் மார்க் ஃப்ளூரி தொடங்கிய, இன்றைய வைல்ட்ஃபிளையின் முன்னோடியான ஜேபாஸ் அந்தச் சான்றிதழுக்காக நெடுநாள் இழுபட்டு, 2004-ல்தான் ஜே2ஈஈ 1.4 (ஜாவா ஈஈ-யின் பழைய பெயர்) சான்று பெற்றது. அதுவரை அதன் எதிரிகளுக்குக் கிடைத்த நல்ல ஆயுதம் "இது சான்று பெறாத சர்வர்" என்பது. இன்று அந்தச் சோதனைத் தொகுப்பே ஓப்பன் சோர்ஸ், முடிவுகள் பொதுவில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

அதோடு, யார் முன்னால் நிற்கிறார்கள் என்பதும் தலைகீழாகிவிட்டது. ஜகார்த்தா ஈஈ 10 தரநிலை 2022 செப்டம்பரில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் வைல்ட்ஃபிளை 27 அதை ஆதரித்தது. வெப்லாஜிக் 14.1.2 வெளிவந்தது 2024 டிசம்பரில், அப்போதும் அது ஜகார்த்தா ஈஈ 8-லேயே நின்றது. ஐபிஎம் பக்கம் இன்னும் தெளிவு. பழைய வெப்ஸ்பியர் 9.0 ஜாவா ஈஈ 7-லேயே நிற்கிறது. புதிய தரநிலைகள் எல்லாம் ஐபிஎம்மின் புதிய சர்வரான லிபர்ட்டியில்தான் வருகின்றன, அந்த லிபர்ட்டியின் அடித்தளத்தை ஐபிஎம் 2017-ல் ஓப்பன் லிபர்ட்டி என்று திறந்துவிட்டது. ஆக, "ஓப்பன் சோர்ஸ் பின்தங்கியது" என்ற பேச்சுக்கு வணிக நிறுவனங்களின் நடத்தையே பதில்.

அடுத்து எல்லாக் கூட்டத்திலும் வரும் கேள்வி: "ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் யாரைக் கூப்பிடுவது?" இதற்கு "கம்யூனிட்டி இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்பவருடைய வேலையே அந்த இரண்டு மணிப் பொறுப்புதான், அந்தப் பதில் அவரை இன்னும் பயமுறுத்தும். காசு கொடுத்து சப்போர்ட் வாங்குங்கள் என்று நேராகச் சொல்லுங்கள். ஜேபாஸ் வளர்ந்ததே அப்படித்தான். மென்பொருள் எல்லோருக்கும், சப்போர்ட் காசுக்கு என்ற தொழில்முறையை அவர்கள் நிலைநாட்டினார்கள், 2006-ல் ரெட் ஹேட் அதை விலை கொடுத்து வாங்கியது. பயாராவுக்கும் லிபர்ட்டிக்கும் இதே ஏற்பாடு உண்டு. இதன் தனிப்பலன், சப்போர்ட் பிடிக்கவில்லையென்றால் சப்போர்ட் தருபவரை மாற்றலாம், சர்வரை மாற்ற வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும், பலர் இதைச் சொல்வதில்லை. வைல்ட்ஃபிளை வேறு, ரெட் ஹேட் விற்கும் ஜேபாஸ் ஈஏபி வேறு. வைல்ட்ஃபிளை சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய பெரிய வெளியீடாக வரும், பாதுகாப்புத் திருத்தங்களும் பெரும்பாலும் அந்தப் புதியதோடுதான் வரும். பழையதில் நின்றுகொண்டு திருத்தம் மட்டும் கேட்க முடியாது. ஈஏபி என்பது ஏதோ ஒரு வைல்ட்ஃபிளை வெளியீட்டைப் பிடித்து, அதை வருடக்கணக்கில் திருத்திக்கொண்டே போவது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே மாற்றத்தை அனுமதிக்கும் நிறுவனத்துக்கு வைல்ட்ஃபிளையைத் தூக்கிக் கொடுத்தால், இரண்டாவது ஆண்டில் அது பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) இல்லாத பழைய சர்வராக நிற்கும். ஏதாவது நடந்தால் பழி ஓப்பன் சோர்ஸ் மேல் விழும். அந்த நிறுவனத்துக்குச் சரியான பரிந்துரை காசு கொடுக்கும் வழிதான்.

பாதுகாப்பைப் பற்றிய விவாதத்தில் இரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். 2016-ல் சாம்சாம் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்), பேட்ச் போடாமல் விடப்பட்ட பழைய ஜேபாஸ் சர்வர்கள் வழியாகத்தான் பல நெட்வொர்க்குகளுக்குள் நுழைந்தது. திருத்தம் எப்போதோ வந்துவிட்டது, போட்டவர்கள் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2015 நவம்பரில் வெளியான ஜாவா டீசீரியலைசேஷன் தாக்குதல் (வெளியிலிருந்து வரும் தரவை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் இடத்தைக் குறிவைப்பது) வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் பாதித்தது. காரணம், அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் என்ற ஒரே ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி மூன்றிலும் இருந்தது. வணிக சர்வர் வாங்கினால் ஓப்பன் சோர்ஸைத் தவிர்த்துவிடலாம் என்று நினைப்பவருக்கு இந்த ஒரு நிகழ்வு போதும். வெப்லாஜிக்குக்குள் எக்ளிப்ஸ்லிங்க், ஜெர்சி, வெல்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகள் இருக்கின்றன. வெப்ஸ்பியரோடு வரும் ஐபிஎம் ஹெச்டிடிபி சர்வர், அப்பாச்சி வெப் சர்வரின் மேல் கட்டப்பட்டது. ஓப்பன் சோர்ஸை அவர்கள் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பேச்சு இவ்வளவும் கதவைத் திறக்கத்தான். முடிவை மாற்றுவது அவர்களுடைய ஒரு அப்ளிகேஷனை எடுத்து, அவர்கள் கண்முன் ஓட்டிக் காட்டுவது. அதை எப்படிச் செய்வது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த அப்ளிகேஷனுக்கு முழு அப்ளிகேஷன் சர்வர் தேவையா என்று பாருங்கள். வெப்லாஜிக்கில் ஓடும் எத்தனையோ அப்ளிகேஷன்கள் உள்ளே ஸ்ப்ரிங் என்ற ஓப்பன் சோர்ஸ் ஃபிரேம்வொர்க், வெப் கோரிக்கைகளைக் கையாளும் சர்வ்லெட், ஒரு டேட்டாபேஸ் இணைப்பு, அவ்வளவுதான். முழு சர்வர் மட்டுமே தரும் ஈஜேபி (சர்வரில் ஓடும் வணிகத் தர்க்கக் கூறுகள்) இல்லை, ஜேஎம்எஸ் (செய்தி அனுப்பும் வசதி) இல்லை. அதற்கு டாம்கேட் என்ற எளிய ஓப்பன் சோர்ஸ் சர்வர் போதும். உங்களுக்குப் பிடித்த சர்வர் வைல்ட்ஃபிளையாகவே இருந்தாலும், டாம்கேட் போதும் என்றால் அதைச் சொல்லுங்கள். அந்த நேர்மைக்குப் பிறகு நீங்கள் சொல்லும் மற்றதற்கும் மதிப்பு கூடும்.

முழு சர்வர்தான் தேவை என்றால், கோடில் வெப்லாஜிக்குக்கே உரிய இம்போர்ட்டுகள் (அதன் சொந்த லைப்ரரிகளை அழைக்கும் வரிகள்) எத்தனை இருக்கின்றன என்று தேடுங்கள். ரெட் ஹேட்டின் விண்ட்அப் இதற்கென்றே வந்த ஓப்பன் சோர்ஸ் கருவி (இப்போது அந்த வேலை கோன்வேயர் திட்டத்தில் தொடர்கிறது), சாதாரணத் தேடலே பாதி வேலையை முடித்துவிடும். பெரும்பாலும் அகப்படுபவை: சர்வர் எழும்போது ஓடும் ஸ்டார்ட்அப் கிளாஸ், லாகிங், வேலைகளைப் பகிர்ந்து ஓட்டும் வொர்க் மேனேஜர், வெளியிலிருந்து ஈஜேபியைக் கூப்பிடும் கிளையன்ட்டில் டி3 முகவரி. இவற்றில் டி3 தான் தொல்லை. அது வெப்லாஜிக்கின் சொந்த புரோட்டோகால். எல்லா டெஸ்க்டாப் கிளையன்ட்டையும் மாற்றி அனுப்ப வேண்டியிருக்கும். மதிப்பீட்டில் இதைத் தனியாகக் காட்டுங்கள்.

அடுத்து பெயர்கள். வெப்லாஜிக்கில் டேட்டாசோர்ஸுக்கு (சர்வரில் அமைத்து வைக்கும் டேட்டாபேஸ் இணைப்புக்கு) எந்தப் பெயரும் வைக்கலாம். வைல்ட்ஃபிளையில் 'ஜாவா' முன்னொட்டோடுதான் தொடங்க வேண்டும். கோடில் பெயரை நேரடியாக எழுதியிருந்தால் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், வெப் டாட் எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் ரிசோர்ஸ் ரெஃபரன்ஸ் (உள்பெயருக்கும் உண்மைப் பெயருக்கும் இணைப்பு) வைத்திருந்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். பிறகு ஜார்கள், அதாவது ஜாவா லைப்ரரிக் கோப்புகள். வெப்லாஜிக்கில் டொமைனின் லிப் ஃபோல்டரில் யாரோ எப்போதோ போட்ட ஜார் எல்லா அப்ளிகேஷனுக்கும் தெரியும். வைல்ட்ஃபிளை ஒவ்வொரு அப்ளிகேஷனையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும், தேவையானதை அறிவித்துத்தான் பெற வேண்டும். முதல் டிப்ளாய்மென்ட்டில் 'கிளாஸ் கிடைக்கவில்லை' என்று வரிசையாக விழுவது இதனால்தான். பார்ப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "புது சர்வர் ஒத்துவரவில்லை" என்று அங்கேயே தீர்ப்பெழுதிவிடுவார்கள்.

ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறியது ஜகார்த்தா ஈஈ 9-இல், 2020-ல். பழைய அப்ளிகேஷனைப் புதிய வைல்ட்ஃபிளைக்குக் கொண்டுபோனால் சர்வர் மாற்றமும் இந்தப் பெயர் மாற்றமும் ஒன்றாகத் தலையில் விழும். எது எதனால் உடைந்தது என்று தெரியாமல் திணறுவீர்கள். இரண்டையும் பிரித்துச் செய்யுங்கள். இதற்கு ஓப்பன் லிபர்ட்டி ஒரு நல்ல வழி தருகிறது. அதன் புதிய வெளியீட்டிலும் பழைய ஜாவா ஈஈ 7, 8 ஃபீச்சர்களைத் தேர்ந்தெடுத்து ஓட்டலாம். சர்வர் புதிது, பேட்சும் புதிது, அப்ளிகேஷன் மட்டும் பழையபடி. எனக்கு வைல்ட்ஃபிளையின் மேல்தான் பிரியம் அதிகம், இருந்தாலும் பழைய கோடு நிறைய வைத்திருக்கும் இடங்களுக்கு லிபர்ட்டியையே முதலில் சொல்வேன்.

கிளஸ்டரில், அதாவது பல சர்வர்களைச் சேர்த்து, ஓட்டிக் காட்டும்போது இன்னொன்று. வைல்ட்ஃபிளையை அப்படியே இரண்டு மெஷினில் ஏற்றினால், லாக்கில் ஒரு எச்சரிக்கை வரும்: டிரான்சாக்‌ஷன் பகுதியில் நோட் ஐடென்டிஃபையர் (ஒவ்வொரு சர்வரின் அடையாளப் பெயர்) ஆரம்ப மதிப்பிலேயே இருக்கிறது, பல சர்வர்கள் உள்ள இடத்தில் இது ஆபத்து என்று. நிறையப் பேர் அதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். இரண்டு சர்வர்களும் ஒரே டேட்டாபேஸில் எக்ஸ்ஏ (பல இடங்களில் செய்யும் மாற்றங்களை ஒன்றாக முடிக்கும்) டிரான்சாக்‌ஷன் நடத்தி, இரண்டுக்கும் அதே அடையாளம் இருந்தால், ஒன்று விழுந்து எழுந்து ரிகவரி செய்யும்போது மற்றதன் டிரான்சாக்‌ஷனைத் தன்னுடையது என்று எடுத்து ரத்து செய்துவிடக்கூடும். ஒவ்வொரு நோடுக்கும் தனி அடையாளம் கொடுப்பது ஒரு வரி வேலை. இந்த வரியைக் காட்டி, ஏன் என்று விளக்கிப் பாருங்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் சீனியர் அட்மின் நிமிர்ந்து உட்காருவார். அந்த இடத்தில்தான் அவர் உங்களை நம்பத் தொடங்குகிறார்.

ஆம், நீங்கள் வெல்ல வேண்டிய ஆள் அவர்தான். டெவலப்பர்களை வெல்ல அதிகம் வேண்டியதில்லை. 2011-ல் ஜேபாஸ் 7 அடியோடு மாற்றி எழுதப்பட்டு, சில விநாடிகளில் எழுந்து நின்றபோதே டெவலப்பர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அட்மினின் கவலை வேறு. அவர் பல வருடம் எழுதிச் சேர்த்த டபிள்யூஎல்எஸ்டி (வெப்லாஜிக்கை நிர்வகிக்கும்) ஸ்கிரிப்ட்டுகள் நாளைக்குக் குப்பை. அவர் பெற்ற சான்றிதழுக்கு மதிப்பில்லை. அவருடைய பத்து முக்கிய வேலைகளை, அதாவது டிப்ளாய், டேட்டாசோர்ஸ் சேர்ப்பது, த்ரெட் டம்ப் (சர்வர் அந்த நொடியில் என்ன செய்கிறது என்ற பதிவு) எடுப்பது, ஒரு நோடை மட்டும் நிறுத்தி எழுப்புவது போன்றவற்றை, வைல்ட்ஃபிளையின் கட்டளைவரிக் கருவியான சிஎல்ஐ-யில் எழுதி அவர் கையில் கொடுங்கள். எந்த பிரசண்டேஷனும் செய்யாததை அது செய்யும்.

சட்டப் பிரிவிலிருந்து ஒரு பயம் வரும்: நம் அப்ளிகேஷன் கோடையும் திறந்து காட்ட வேண்டியிருக்குமா? வேண்டாம். டாம்கேட்டின் அப்பாச்சி லைசென்ஸ், லிபர்ட்டியின் எக்ளிப்ஸ் லைசென்ஸ், கிளாஸ்ஃபிஷ்ஷில் விதிவிலக்கோடு வரும் ஜிபிஎல் எதுவும், சர்வரின் மேல் ஓடும் உங்கள் அப்ளிகேஷனைத் திறக்கச் சொல்வதில்லை. ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

செலவுக் கணக்கு கடைசியில் வரட்டும். அப்போதும் லைசென்ஸ் விலையைப் பேசாமல், கணக்கிடும் முறையைப் பேசுங்கள். வெப்லாஜிக் லைசென்ஸ் பெரும்பாலும் பிராசசர் கணக்கில் போகிறது. இன்டெல் வகை பிராசசரில் ஒரு கோர் என்பது அரை லைசென்ஸ். அதன் மேல் ஆண்டுதோறும் லைசென்ஸ் தொகையில் 22 சதவீதம் சப்போர்ட். ஒரு மெஷினைப் பல மெய்நிகர் மெஷின்களாகப் பிரிக்கும் விஎம்வேர் போன்றவற்றில் ஒரு சிறு பகுதியை மட்டும் ஒதுக்கி ஓட்டினாலும், அந்த ஒதுக்கீட்டை லைசென்ஸைக் குறைக்கும் வழியாக ஆரக்கிளின் கொள்கை ஏற்பதில்லை. ஆக, திருவிழாக்காலக் கூட்டத்துக்காக நான்கு நோடு கூடுதலாக எழுப்ப வேண்டும் என்றால் முதலில் லைசென்ஸ் பிரிவைக் கேட்க வேண்டும். ஓப்பன் சோர்ஸில் அந்தக் கேள்வியே எழாது. டெஸ்ட், ஸ்டேஜிங், ஒவ்வொரு டெவலப்பரின் மெஷின் எல்லாவற்றிலும் புரொடக்‌ஷனில் ஓடும் அதே சர்வரை வைக்கலாம். இந்தச் சுதந்திரம் தள்ளுபடியில் கிடைக்காது.

வேகப் போட்டிக்குள் மட்டும் இறங்காதீர்கள். பல வணிக லைசென்ஸ்கள் பெஞ்ச்மார்க் முடிவுகளை அனுமதியின்றி வெளியிடவே விடுவதில்லை. வெளியிட முடிந்தாலும், உண்மையான அப்ளிகேஷன்களில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் எஸ்க்யூஎல் தான், சர்வர் இல்லை. அவர்களுடைய அப்ளிகேஷனை அவர்களுடைய லோடில் இரண்டிலும் ஓட்டி, முடிவை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

எங்கே பேசக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பல அப்ளிகேஷன்களை இணைக்கும் ஆரக்கிளின் எஸ்ஓஏ சூட் வெப்லாஜிக்கின் மேல்தான் ஓடும், அங்கே சர்வரை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. ஆரக்கிள் ராக் (பல மெஷின்களில் ஒன்றாக ஓடும்) டேட்டாபேஸோடு ஆக்டிவ் கிரிட்லிங்க் என்ற வெப்லாஜிக் இணைப்பு வசதியை நம்பி ஓடும் பெரிய அமைப்புகளிலும், மெயின்ஃப்ரேமில் வெப்ஸ்பியர் வைத்திருப்பவர்களிடமும் வணிக சர்வருக்கு உண்மையான காரணம் உண்டு. அதை ஒப்புக்கொண்டு, அவர்களுடைய அடுத்த புதிய அப்ளிகேஷனைக் கேளுங்கள்.

காலமும் முக்கியம். சப்போர்ட் புதுப்பிக்கும் மாதத்தில் போய்ப் பேசினால் மைக்ரேஷனுக்கு அவகாசம் கிடையாது, பயத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். புதுப்பித்த கையோடு, அடுத்த புதுப்பிப்புக்கு முழு ஆண்டு இருக்கும்போது போய் உட்காருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வணிக சர்வரிலேயே தொடர்வோம் என்றால், இரண்டு விஷயம் மட்டும் கேட்டு வாங்குங்கள். இனி எழுதும் கோடில் வெப்லாஜிக் இம்போர்ட் ஒன்றுகூட வரக் கூடாது என்பது ஒன்று. ஒவ்வொரு பில்டும் வைல்ட்ஃபிளையிலோ லிபர்ட்டியிலோ ஏற்றப்பட்டு டெஸ்ட்டுகள் ஓட வேண்டும் என்பது மற்றொன்று. இதற்குக் காசும் இல்லை, புரொடக்‌ஷனில் ஆபத்தும் இல்லை, யாரும் மறுப்பதில்லை. அந்த டெஸ்ட்டுகள் ஒரு வருடம் பச்சையாக ஓடியிருந்தால், அடுத்த புதுப்பிப்பின்போது மைக்ரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு நீங்கள் மதிப்பீடு எழுத வேண்டியதில்லை, பில்ட் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தால் போதும்.